பாக்கி இருபத்திரண்டு பீரியட்

சந்தியாகு சாரிடம் நான் வாங்கிய கடனுக்குப்
பத்திரம் கிடையாது.
ஜூலையில் ஒன்று, காலாண்டுக்கு முன்னால் நான்கு,
"சிலபஸ் முடியல சார், இன்னிக்கு மட்டும்" என்று
கதவோரம் நின்றபடியே கேட்டு வாங்கியவை.
அவர் தலையாட்டுவார்.
விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஸ்டோர் ரூமுக்குப் போய்
யாரும் தொடாத வாலிபாலுக்குக் காற்றடிப்பார்.

ஏழாம் வகுப்பு, பி பிரிவு.
வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்.
புதுவயல் ரைஸ்மில்களின் உமிச்சாம்பல்
ஜன்னல் வழியே வந்து நோட்டில் உட்காரும்.
பிள்ளைகள் ஊதுவார்கள்.
அன்றைக்கு அவர்கள் செய்த உடற்பயிற்சி
அது ஒன்றுதான்.

மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழி என்றால்
சேவுகன் மைனஸ் எட்டு என்பான்.
மறுபடி நடத்தினால்
மறுபடி மைனஸ் எட்டு.
விதியைப் பத்து முறை எழுதச் சொன்னேன்.
எழுதினான், முத்து முத்தாக.
கீழே விடை: மைனஸ் எட்டு.
பெஞ்சுக்கடியில் அவன் கால்கள்
ஒன்றையொன்று உதைத்துக்கொண்டே இருக்கும்.
"காலை ஆட்டாதே" என்பேன்.
கால் நின்றுவிடும்.
கூடவே கண்ணும்.

அன்று கரண்ட் போனது.
பெரிதாக நான் எதையும் திட்டமிடவில்லை,
உள்ளே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.
கொடிக்கம்பம் பூஜ்யம்.
கிழக்கே தண்ணீர்த் தொட்டி வரை ப்ளஸ்,
மேற்கே சைக்கிள் ஷெட் வரை மைனஸ்.
சரளையில் சுண்ணாம்புக் கோடு நிற்கவில்லை.
சிகப்பிதான் செருப்புகளை வாங்கி அடுக்கினாள்,
எண்ணுக்கு ஒரு செருப்பு.
மைனஸ் ஆறுக்கு வார் அறுந்திருந்தது.

"கூட்டல்னா தொட்டியைப் பாத்து நில்லு.
கழித்தல்னா ஷெட்டைப் பாத்துத் திரும்பு.
எண்ணே மைனஸா, திரும்பாம பின்னாலயே நட."
புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது இது.
நேரமில்லை என்று நான் தாண்டிய பக்கம்.

சேவுகன் ஒரு நீலச் செருப்பின் பக்கத்தில் நின்றான்.
மைனஸ் மூன்று.
"மைனஸ் ஐந்தைக் கழி."
ஷெட்டைப் பார்த்துத் திரும்பினான்.
பின்னாலேயே நடந்தான். ஒன்று, இரண்டு,
மூன்றில் கொடிக்கம்பம் முதுகில் இடித்தது.
தடவிக்கொண்டு, சுற்றி வந்து
நாலு. அஞ்சு.
குனிந்து காலடியைப் பார்த்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
"டீச்சர், இது ரெண்டு" என்றான்,
இத்தனை நாள் யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.
"மைனஸ் எட்டு அங்கிட்டுல்ல கிடக்கு!"

அப்புறம் வரிசை எங்கே நின்றது?
மில்லுக்கு வேலைக்கு வந்த வீட்டுப் பிள்ளை சந்தன்
பாதி இந்தியில் பாதி தமிழில் எண்ணிக் குதித்தான்,
இரண்டிலும் சரியான இடத்தில் இறங்கினான்.
சிகப்பி மட்டும் வரவில்லை.
"எனக்கு மனசுலயே வருது டீச்சர்."
சரி, வரட்டும்.

செவ்வாய்க்கிழமைப் பரீட்சையில்
ஏழாவது கணக்குக்கு
சேவுகன் பேனாவை மூடி வைத்தான்.
பெஞ்சுக்கடியில் பார்த்தேன்:
வலது கால் பின்னால் ஒரு அடி,
இடது கால் பின்னால் ஒரு அடி.
ஆட்டாதே என்று நாக்கு வரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.
இருபத்தைந்துக்குப் பதினான்கு.
போன தடவை நான்கு.
எட்டாவது கணக்கில் இன்னும் தப்புதான்.

வியாழக்கிழமை, என் பீரியடில்,
ஸ்டோர் ரூம் வாசலில் போய் நின்றேன்.
"சார், ஒண்ணு திருப்பித் தரேன்.
கோ-கோவோ கபடியோ, உங்க இஷ்டம்."
அவர் கதவைச் சாத்தினார்.
உட்பக்கம் சுண்ணாம்புக் கோடுகள்,
அஞ்சு அஞ்சாகக் கட்டி,
ஜூலையிலிருந்து.
இருபத்து மூன்று.

இவ்வளவு மேற்கே நின்றிருக்கிறேனா நான்,
சைக்கிள் ஷெட்டையும் தாண்டி?

கட்டைவிரலால் ஒரு கோட்டை அழித்தார்.
முழுதாக அழியவில்லை.
"பாக்கி இருபத்திரண்டு டீச்சர்" என்றார்,
சிரிக்காமல்,
விசிலைத் தேடிக்கொண்டே.

வெளியே சேவுகன் கத்திக்கொண்டிருந்தான்:
"மைனஸ் ஆறு யாரு செருப்புடா?
பின் வாங்கிப் போடுங்கடா அதுக்கு!"